நடுச்சாமத்துப் பெரட்டு

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. பதுளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்குக் கீழே ஓடையை ஒட்டி, எனக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. பத்துப் பாய் விரித்தால் நிறைந்துவிடும். வத்தாளங்கிழங்கு போட்டிருந்தேன், ஓரத்தில் நாலு பூசணிக்கொடி. மலை துரையுடையது, நாங்கள் படுக்கும் காம்பரா துரையுடையது, என் முதுகில் தொங்கும் கொழுந்துக்கூடையும் துரையுடையது. அந்தத் துண்டில் என்ன நடுவது என்பதை மட்டும் நான் சொல்வேன். அதனால் அதன்மேல் எனக்கு உயிர்.

அதை மூன்று ராத்திரியாகக் காட்டுப்பன்றி கிளறிக்கொண்டிருந்தது. பெரிய கங்காணி வந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவருக்குக் கீழேதான் வேலை. அந்தத் துண்டின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"காவல் காக்கத் துப்பில்லாதவங்களுக்கு எதுக்கு நெலம்? இன்னொரு தடவ பன்னி எறங்குச்சுன்னா தேயில நட்டுருவேன்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நாளைக்கு ராத்திரியே சுட்டு, உங்க வீட்டுக்கு ஒரு தொடை அனுப்புறேன், பாருங்க."

அந்த மனிதர் துவக்கைத் தொட்டதே கிடையாது. அவர் வேலை விடியுமுன் தப்படித்துத் தோட்டத்தை எழுப்புவது. லயத்தில் ஒரு வீட்டிலும் மணிக்கூடு இல்லை. அவர் அடி கேட்டால் ஆட்கள் எழுந்துபோய்ப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கங்காணி பேர் எடுத்து, வேலை பிரித்து அனுப்புவார். இந்த ஒரு காரியத்தால் முன்னூறு பேரும் தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வீட்டில் நான் கேட்காததுதான் அவருக்குக் குறை.

பதுளைக் கடைத்தெருவில் நாங்கள் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்கார நானாவிடம் ஒரு துவக்கு இருந்தது. கெஞ்சிக் கேட்டதும் கொடுத்தார். "பன்றி விழுந்தாலும் சரி, விழாட்டியும் சரி, துவக்க நல்லாக் கழுவித் தொடச்சுக் கொண்டு வாங்க" என்றார். மருந்தும் குண்டும் அவரே குழலுக்குள் இடித்து அடைத்துக் கொடுத்தார். இல்லாவிட்டால் இவர் தன் காலைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் ராத்திரி, துண்டின் ஓரத்தில் அவர் கட்டியிருந்த காவல் பரணுக்கு நானும் போனேன். அவரை நம்பி என் கிழங்கை விட எனக்கு மனம் வரவில்லை. துவக்கு, கம்பளி, கூடவே தப்பு எல்லாம் சுமந்து வந்தார். விடிந்ததும் அங்கிருந்தே களத்துக்குப் போய்விடலாமாம்.

"நீ படு புள்ள, நான் முழிச்சிருக்கேன்" என்றார். நான் வெற்றிலையை மடித்து வாயில் வைப்பதற்குள் குறட்டை கேட்டது.

நிலா உச்சிக்கு வந்தபோது பன்றியும் வந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். நேராகப் பாத்தியில் மூக்கை நுழைத்தது. அது கிழங்கைக் கடிக்கக் கடிக்க எனக்கு வயிறு எரிந்தது. இவரைக் கிள்ளினேன். புரண்டு படுத்தார். துவக்கைத் தொட்டுப் பார்த்தேன், எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். பக்கத்தில் தப்பு கிடந்தது. எடுத்து அடித்தேன்.

பன்றியை விரட்ட என்ன அடி அடிப்பது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வருஷக்கணக்காக விடியுமுன் கேட்ட அடி ஒன்றுதான். கை தானாக அதையே அடித்தது.

பன்றி தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. தோட்டம்தான் எழுந்துகொண்டது. லயத்தில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. பிள்ளைகள் அழுதன. கம்பளியும் கூடையுமாக ஆட்கள் மேல்பாதையில் களத்தைப் பார்த்து நடந்தார்கள். ஒருத்தராவது அண்ணாந்து நிலாவைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் துள்ளி எழுந்தார். "தப்படிக்க வேற ஆளப் போட்டுட்டாங்க புள்ள, எம் பொழப்பு போச்சு" என்று சொல்லிக்கொண்டே பரணிலிருந்து குதித்துக் களத்துக்கு ஓடினார். தப்பு என் மடியில் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

கங்காணி வீட்டுக் குறுக்குப்பாதை என் துண்டை ஒட்டித்தான் வரும். பெரட்டுக்குப் பிந்திவிட்ட பதற்றத்தில், தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே வந்தவர் பன்றிக்கு நேர் எதிரே வந்து நின்றார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பன்றி ஓடைப் பக்கம் பாய்ந்து காட்டுக்குள் போய்விட்டது. கங்காணி என் பாத்திகளை மிதித்துக்கொண்டு வந்து பரணில் ஏறிவிட்டார். ஏறியவர் சும்மா இருந்தாரா? துவக்கை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். அது உதைத்த உதையில் பூசணிக்கொடிக்குள் போய் விழுந்தார்.

வெடிச்சத்தம் கேட்டுத் துரை ராத்திரி உடுப்போடு, லாந்தரோடு வந்தார். "என்ன கங்காணி? என்ன சத்தம்?"

கங்காணி எழுந்து நின்றார். மீசையில் பூசணிவிதை. "பன்னிங்க தொரை. தேயில நர்சரிக்குப் போச்சுங்க. நான்தான் ஆளுகள எழுப்பி வெரட்டினேன். அதுக்குத்தான் இங்க காவல் வச்சிருக்கேங்க" என்று பரணைக் காட்டினார்.

துரைக்குப் பரம சந்தோஷம். "நல்லது. இந்தக் காவல் எப்பவும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காவல் இருக்கவேண்டுமென்றால் என் துண்டும் இருக்கவேண்டும். கங்காணிக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது.

"நான் பரண்ல ஏறுனத யாரு பாத்தா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"நான் மட்டுந்தாங்க."

"துண்டு ஒனக்குத்தான். வாய மூடிக்க."

மிதிபட்ட பாத்தியில் உட்கார்ந்து அழுதேன். இந்த மலையில் ஏதோ ஒன்று எனக்குத்தான் என்று ஒருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக இருபது வருஷம் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

கங்காணி காலமாகிக் காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு சாயங்காலம் லயத்து வாசலில் எல்லோரையும் உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

பக்கத்துக் காம்பராக்காரி என் கையைப் பிடித்தாள். "நாங்க மேல்பாதையில நின்னு எல்லாத்தையும் பாத்தோம்க்கா. வெளிய சொன்னா ஒங்க துண்டு போயிரும்னுதான் ஒருத்தரும் பேசல."