மலை பாஷைக்கு ஒரு சப்டைட்டில்

போன வாரம் ஒரு வெப் சீரிஸ் வெளியானது. பெயர் வேண்டாம். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தப்பித்தார்கள்.

அதில் ஒரு காட்சி. காட்டுக்கு நடுவே ஒரு பழங்குடிப் பெண். கையில் தீப்பந்தம், கன்னத்தில் கரி. புரியாத மொழியில் ஆவேசமாக ஏதோ சொல்கிறாள். கீழே சப்டைட்டில் ஓடுகிறது: 'ஓ வனதேவதையே! எங்கள் மலையைத் தின்ன வந்த அரக்கனை நீயே தண்டிப்பாய்!'

இதைப் பார்த்து அழுததாக எனக்குத் தெரிந்த சிலர் போன் செய்து சொன்னார்கள். நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்நெஞ்சக்காரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்... அந்தக் காட்சியை எடுத்தபோது நான் கேமராவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அங்கே என்ன வேலை? சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் அந்த சீரிஸின் டைரக்டர் போன் செய்தார். நான் எழுதுவதைப் படிப்பவராம். சின்ன வயது, நல்ல மரியாதை. "மேடம், நீங்க வேலூர்தானே? ஜவ்வாது மலை உங்க பக்கம்தானே? எங்க கதையில டிரைபல் போர்ஷன் இருக்கு. நீங்க கலாசார ஆலோசகரா வரணும்."

வேலூரில் குடியிருந்தால் மலைக்காரர்களுக்கு ஆலோசகர் ஆகலாம் என்றால், மெரினா பக்கம் குடியிருப்பவர்கள் எல்லோரும் கப்பல் ஓட்டலாமே... இதை அவரிடமே சொன்னேன். "சூப்பர் மேடம்! இந்த ஹியூமர்தான் வேணும்" என்றார். கார் அனுப்பினார். ஆலங்காயம் தாண்டி மேலே ஏறும்போது ஜன்னல் வழியாக வருகிற காற்றுக்காக நான் எந்தப் பதவியையும் ஏற்றுக்கொள்வேன். போனேன்.

காவலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஷூட்டிங். முதல் நாளே ஒரு சிக்கல். ஊரில் பழங்குடியினர் யாருமே இல்லை என்று அசிஸ்டென்ட் டைரக்டர் வந்து சொன்னார்.

ஊரே பழங்குடியினர் ஊர். ஆனால் அவர் தேடி வந்தவர்கள் அங்கே இல்லை. பையன்கள் ஜீன்ஸ் போட்டு, காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய முடியோடு பைக்கில் போனார்கள். பெண்கள் நைட்டி மேலே துண்டு போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார்கள். "லுக் செட் ஆகல மேடம்" என்றார் டைரக்டர், உண்மையான வருத்தத்தோடு. எனவே சென்னையிலிருந்து ஒரு வேன் நிறையப் பழங்குடியினர் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய இறகு, பாசிமணி, ஈட்டியெல்லாம் தனி வண்டியில் வந்தன.

தூரத்தில் தெரிந்த வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடமும் டைரக்டருக்கு இடைஞ்சல். "அதை கிராஃபிக்ஸ்ல எடுத்துட்டு ஒரு எரிமலை வெச்சுக்கலாம்" என்றார். நட்சத்திரங்களைத் தெளிவாகப் பார்க்கலாம் என்று நாடெல்லாம் தேடி இந்த மலையைப் பிடித்தார்கள். அதே மலையில் நின்றுகொண்டு நம் தம்பிக்கு எதிரே இருக்கும் மனிதர்கள் தெரியவில்லை.

அடுத்த சிக்கல், மொழி.

டைரக்டரின் குழு ஆராய்ச்சி செய்திருந்தது. ஜவ்வாது மலையில் வாழும் மக்கள் 'மலையாளி' என்று எங்கோ படித்திருக்கிறார்கள். சரியான தகவல். இந்த மலைக்காரர்களின் இனத்துக்குப் பெயரே அதுதான், சாதிச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் வாழ்கிறவர் மலையாளி, அவ்வளவுதான். கேரளத்துக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆராய்ச்சி அதுவரை போகவில்லை. ஆகவே கொச்சியிலிருந்து ஒரு மலையாள வசனப் பயிற்சியாளர் வந்திருந்தார்.

பாவம், நல்ல மனிதர். வந்த அன்று காலையில் டீக்கடையில் நின்று எல்லோரிடமும் மலையாளத்தில் நலம் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் மல்லிகா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, சபரிமலைக்குப் போற வழி மாறி வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

மல்லிகாவுக்கு நாற்பது வயது இருக்கும். டீக்கடையும் அதோடு ஒட்டிய சின்ன மெஸ்ஸும் அவருடையது. பக்கத்து ஊர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆஸ்டலில் தங்கிப் படித்தவர். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு உடனே பிடித்துப்போனது. டைரக்டருக்கும் பிடித்துப்போனது... அவருக்குப் பிடித்தது முகம். "என்னா ஒரு ஃபேஸ் மேடம்! ஒரே ஒரு குளோசப், ஒரே ஒரு டயலாக் வேணும்" என்று கடைக்கே வந்துவிட்டார்.

"உங்க மொழி என்னம்மா?"

"தமிழுதான் சார்."

"சரி... அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் தமிழுதான்."

"இல்லம்மா, வெளியாளுங்க இல்லாதப்போ, வீட்ல தனியா இருக்கும்போது என்ன பேசுவீங்க?"

"வூட்ல தனியா இருந்தா யார்கிட்ட சார் பேசறது?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். கலாசார ஆலோசகரான நான் டீயைப் பார்த்தேன்.

மல்லிகா நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மறுநாளும் கேட்டார்கள். மறுநாளும் அதே பதில். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று, கடையில் கூட்டம் குறைந்ததும் விசாரித்தேன்.

"எம் பொண்ணுக்காகத்தான்கா" என்றார்.

மகள் பவித்ரா. கீழே ஒரு காலேஜில் நர்சிங், ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சேர்ந்த புதிதில் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். இவளும் பெருமையாக ஜவ்வாது மலை என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். மரத்து மேல தூங்குவீங்களா? பச்சைக் கறி தின்பீங்களா? எங்கே, உங்க டான்ஸை ஆடிக் காட்டு! சினிமாவில் காட்டுவாசிகள் போடுகிற கூச்சலை வைத்து ஒருத்தி 'ஹூலாலா' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லீவுக்கு வந்த பவித்ரா, இனிமேல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"பேக்கைக் கூட பிரிக்கலக்கா. வந்த அன்னிக்கு மூலையில வெச்சது அப்டியே கீது. நாளான்னிக்கு காலேஜ் தொறக்குது. நான் இன்னா சொன்னாலும் அழுவுறா. இந்த நேரத்துல நான் மூஞ்சில கரியைப் பூசிக்கினு கூத்தடிச்சா... அதை அந்தப் பொண்ணுங்க போன்ல பார்த்தா, அப்புறம் இவ அந்தப் பக்கம் போவாளா?"

அந்தப் பிள்ளைகளுக்கு மரத்து மேல் தூங்குவதையும் பச்சைக் கறியையும் யார் சொல்லிக் கொடுத்தது? அவர்கள் வீட்டிலா சொன்னார்கள்? இல்லை. நம் வீட்டு ஹாலில் நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி சொன்னது. அமெரிக்காவில் வெள்ளைக்காரன் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு ஆடினான் என்றால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது, பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நம் ஊரில் கறுப்பான கதாநாயகி வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? சிவப்பான பெண்ணாகப் பார்த்துக் கூட்டிவந்து கறுப்பு பூசுகிறோம். அதற்குப் பெயர் யதார்த்தம். அடியாள் வேஷம் என்றால் மட்டும் பூசுகிற செலவு இல்லை, அதற்கு இயற்கையான கறுப்பையே எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாம் நாள் டைரக்டர் கடைசி முயற்சியாக ஒன்று சொன்னார். "அம்மா, நீங்க என்ன வேணா பேசுங்க. எந்த மொழியா இருந்தாலும் ஓகே. தமிழ் மாதிரி மட்டும் கேக்கக் கூடாது. அர்த்தத்தைப் பத்திக் கவலையே படாதீங்க, சப்டைட்டில் நாங்க போட்டுக்குறோம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மல்லிகாவின் கை நின்றது.

"இன்னா வேணா பேசலாமா?"

"என்ன வேணா!"

"அப்புறம் வெட்ட மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்மா."

"சரி, வர்றேன்."

நான் விடவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு, "பவித்ரா?" என்றேன். "நீங்க கம்முனு குந்திக்கினு பாருங்கக்கா" என்றார். எனக்குக் கோபமே வந்தது. பெற்றவளுக்கே இல்லாத கவலை எனக்கெதற்கு என்று சேரில் போய் உட்கார்ந்தேன்.

மேக்கப் ஆரம்பித்தது. மல்லிகா என் நிறம்தான். பெண் பார்க்க வருபவர்களிடம் நாம் கூச்சத்தோடு 'மாநிறம்' என்று சொல்வோமே, அது. பழங்குடிக்கு அது பற்றாதாம். மேக்கப்மேன் ஒரு டப்பாவைத் திறந்து, "ரெண்டு கோட் அடிச்சா டிரைபல் ஆயிடும் சார்" என்றார். சுவருக்குக்கூட நாம் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிப்போம்.

மல்லிகா பேரம் பேசினார். "ஒரு கோட்டு போதும். எங்க வூட்டுக்காரருக்கு அடையாளம் தெரியணும்." இலை, இறகு எதுவும் ஆகாது, சொந்தப் புடவைதான் என்பதிலும் கறாராக இருந்தார். டைரக்டர் இறங்கி வந்தார். தீப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். ஆக்ஷன்!

மல்லிகா கேமராவை நேராக முறைத்தார். பந்தத்தை உயர்த்தினார். அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது:

"கஆஸ்கடல் கபொண்கணுங்கககளா! கநான் கபகவித்கரா கஅம்கமா!"

எனக்கு ஒரு நொடி ஆனது. பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். என் வாசகிகளில் பாதிப் பேருக்கு இதற்குள் புரிந்திருக்கும். பெண்கள் பள்ளியில், அதுவும் ஆஸ்டலில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது க-பாஷை. புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' சேர்க்க வேண்டும். 'வா' என்றால் 'கவா'. 'போடி' என்றால் 'கபோகடி'. வேகமாகப் பேசினால் பக்கத்தில் நிற்கிற வார்டனுக்கு ஒரு மண்ணும் புரியாது. தமிழ்நாட்டில் இதற்கு ஜாதி, மலை, சமவெளி என்ற பேதமெல்லாம் கிடையாது. விடுதிச் சோறு தின்ற பெண்கள் எல்லோருக்கும் இது தாய்மொழி.

மல்லிகா நிறுத்தவில்லை. முழுவதும் க-பாஷைதான். 'க'வை எல்லாம் எடுத்துவிட்டு உங்களுக்குத் தருகிறேன்:

"ஆஸ்டல் பொண்ணுங்களா! நான் பவித்ரா அம்மா! என் மூஞ்சில கீறது சாயம், சோப்பு போட்டா பூடும். நீங்க அவளுக்கு வெச்ச பேரு எதைப் போட்டாலும் போவாதுடி! எம் பொண்ணு படிக்க வந்தா, ஆடிக் காட்ட வரல. அவளை அழ வெக்காதீங்க. லீவுக்கு எல்லாரும் எங்க வூட்டுக்கு வாங்க, சாமைச் சோறு ஆக்கிப் போடறேன்!"

'ஆக்கிப் போடறேன்' என்ற இடத்தில் கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பில்லை.

செட் முழுவதும் கைதட்டல். "என்ன ஒரு ரா எமோஷன்!" என்று டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்ளோ பழைய மொழி மேடம் இது... கேக்கும்போதே உடம்பு சிலிர்க்குது." உடைகள் பிரிவில் இருந்த ஒரு பெண் மட்டும் திடீரென்று இருமல் வந்து மரத்துக்குப் பின்னால் ஓடினாள். அவளும் ஆஸ்டலில் இருந்தவளாகத்தான் இருக்க வேண்டும். நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மல்லிகா வீட்டுக்குப் போனேன். முகத்தை இன்னும் முழுசாகக் கழுவவில்லை. அதோடே மகளை உட்கார வைத்து, தான் பேசியதை மறுபடி பேசிக் காட்டினார். பவித்ரா முதலில் திருதிருவென்று விழித்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். 'அய்யோம்மா, அய்யோம்மா' என்று அம்மாவின் தோளில் நாலு அடி போட்டாள். காலேஜ் திறக்கிற அன்று பேக்கை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். "படம் வர்ற அன்னிக்கு நான் அங்க இருக்கணும்ல" என்றாளாம்.

அதற்குப் பிறகு இத்தனை மாதம்... பெயர் மாறவில்லை. ஹூலாலா, ஹூலாலா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளும் ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு வேறு பயம். எடிட்டிங்கில் வெட்டிவிட்டால்? எடிட்டர் ஒரு பெண்ணாக இருந்துவிட்டால்? நான் இவ்வளவு ஆவலாக ஒரு சீரிஸுக்காகக் காத்திருந்ததே கிடையாது.

வெட்டவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் தம்பி. அழிந்துவரும் ஒரு மொழியை மீட்டுவிட்டார் என்று ஒரு யூடியூப் விமர்சகர் அவரைப் பாராட்டியும் விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லிகா போன் செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்டலில் எல்லோரும் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்களாம். பவித்ரா கடைசியில். தீப்பந்தத்தோடு அம்மா வந்ததும், அந்தப் பெயர் வைத்த பெண்தான் முதலில் சிரித்தாளாம். "ஏய் ஹூலாலா, உங்க ஆளுடி!" அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. கொஞ்சம் பின்னால் ஓட்டிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மறுபடி ஓட்டினாள்.

"யாரும் அவ மூஞ்சியைப் பார்க்கலயாம்கா. அப்புறம் அந்தப் பொண்ணே எழுந்து வந்து இவ பக்கத்துல குந்திக்கினாளாம். பொங்கல் லீவுக்கு எல்லாரும் வர்றாளுங்க. என்கிட்ட இருக்கற குண்டான் பத்தாது, பெருசா ஒண்ணு பார்க்கணும்." மல்லிகாவின் குரலில் அப்படி ஒரு நிறைவு.

"பக்கத்துல உக்காந்து அந்தப் பொண்ணு என்ன சொன்னாளாம்?" என்று கேட்டேன்.

"ஒரே வார்த்தைதாங்கா. 'கசாகரிகடி'ன்னாளாம்."

இதை நம் டைரக்டர் கேட்டிருந்தால் கீழே என்ன போட்டிருப்பார்? 'ஓ வனதேவதையே! எங்களை மன்னிப்பாய்!'

அந்த ஒரு சப்டைட்டில் மட்டும் சரியாக இருந்திருக்கும்.