பத்து நொடி மருந்து

நூபியாவுக்கு ஊசி போடுவதைவிட, போட்ட மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று துருவுவதில்தான் ஆசை. காபித் தோட்ட மலைகளில் பதினோரு வருடமாக ஆம்புலன்சில் போகிறவள். தலைவலி மாத்திரைக்குக்கூட ஏன், எப்படி என்று கேட்டுக் குடைவாள். அவள் வருவதைப் பார்த்தாலே டாக்டர்கள் சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொள்வார்கள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது அடினோசின். நம் உடம்பிலேயே ஊறும் சரக்குதான் அது. சேரச் சேரத் தூக்கம் வரும். இதயம் தறிகெட்டு ஓடும்போது அதை நரம்பில் ஏற்றினால், மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பின் சமிக்ஞை போகும் வழியைச் சில நொடி அடைத்துவிடும். இதயம் ஒரு கணம் நின்று, பழைய தாளத்தைப் பிடிக்கும். ஆனால் ரத்தம் பத்தே நொடியில் அதைத் தின்று தீர்த்துவிடும். அதனால் சட்டென்று ஏற்றி, பின்னாலேயே உப்புநீரைத் தள்ள வேண்டும்.

அறுவடை மாதத்தில் ஒரு காலை, காபி பறிக்கும் எவேலியோவுக்கு நாடி இருநூறு. மண் சரிந்திருந்ததால் சுற்றிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். முகம் வெளிறிக்கொண்டே வந்தது. அதுவரை தாங்குவார் என்று நூபியாவுக்குத் தோன்றவில்லை.

"காலையிலேருந்து என்ன சாப்பிட்டாரு, என்ன குடிச்சாரு அக்கா?"

"ஒண்ணுமே இல்லம்மா," என்றாள் அவர் மனைவி ரோசல்பா.

ரேடியோவில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முதல் குப்பியை ஏற்றினாள். நாடி காட்டும் திரையில் எண் இறங்கவே இல்லை. மிச்சம் இரண்டு குப்பிதான். அதற்குள் ரோசல்பா ஒரு கோப்பையோடு வந்து நின்றாள்.

"இதக் குடிங்க, படபடப்பு அடங்கும். முன்ன குடுத்த நாலும் பத்தல போல."

"ஒண்ணுமே குடிக்கலன்னீங்களேக்கா?"

"காபியெல்லாம் ஒரு கணக்காம்மா?"

நூபியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பாதி தன்மேலேயே. அவள் வீட்டிலும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில்தான் காபியும் போய் உட்காரும். தூக்கம் கலைவதே அதனால்தான். எவேலியோவின் இதயத்தில் அந்த இடமெல்லாம் காபியால் நிரம்பியிருந்தது. மருந்து கூட்டமாகப் போனால் சிலதாவது இடித்துப் பிடித்து நுழையும். ரேடியோவில் விஷயத்தைச் சொன்னதும், மிச்சமிருந்த இரண்டு குப்பியையும் ஒன்றாக ஏற்றச் சொன்னார் டாக்டர்.

"எவேலியோண்ணே, நெஞ்ச அமுக்குற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரந்தான்."

"நீ குத்தும்மா. இவ அழுவுறதப் பாக்குறதுக்கு அது தேவல."

ஏற்றினாள். திரையில் கோடு நேராகப் படுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்; தெரிந்தும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரோசல்பா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஐந்தாவது நொடியில் ஒரு துடிப்பு எழுந்தது. பிறகு இன்னொன்று, நிதானமாக. எண் எண்பத்திரண்டில் நின்றது.

எவேலியோ கண்ணைத் திறந்தார். "செத்தே போயிட்டேன்னு நெனச்சேன்."

ரோசல்பா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் கொல்லப் பாத்தேனாம்மா?"

"இல்லக்கா. நீங்க ஆசையாத்தான் குடுத்தீங்க," என்றாள் நூபியா. "காபின்னு பேரச் சொல்லிக் கேக்காதது என் தப்பு."