மஞ்சள் தாள்

தெருவுக்குத் தெரு அவளுக்குக் கேள்விக்காரி என்றுதான் பெயர். கல்யாணமான பெண்களைத் தனியே உட்காரவைத்து, புருஷன் அடிப்பானா, எதற்காக அடிப்பான் என்று ஒரு கணக்கெடுப்புக்காகக் கேட்டு எழுதுவது அவள் வேலை. அந்தக் கேள்விகள் வெள்ளைத் தாளில் இருக்கும். நடுவில் புருஷன் வந்துவிட்டால் சட்டென்று, கண்துடைப்புக்கு வைத்திருக்கும் மஞ்சள் தாளை மேலே எடுத்துவைத்து, "தண்ணியைக் காய்ச்சித்தான் குடிப்பீங்களா?" என்று ஆரம்பித்துவிட வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. இதுவரை எந்தப் புருஷனும் கண்டுபிடித்ததில்லை.

அன்று மாலை தையல்காரம்மாவின் வீட்டில் இருந்தாள். மஞ்சள் தாளின் சங்கதியை முதலிலேயே சொல்லிவைத்திருந்தாள். தையல்காரம்மா சிரித்தாள். "அவர் வெளியூர்ல இருக்காரு. இருந்தாலும் பயமில்ல, வாய்தான் நீளம்."

பாதியில் கேள்விக்காரியின் ஃபோன் அடித்தது. அரைமணியில் மூன்றாவது தடவை.

"ஆமாங்க, தண்ணி காய்ச்சுறதைப் பத்திதான்... இல்லீங்க, ஆம்பளைங்க யாரும் இல்ல... அஞ்சு மணிக்குள்ள வந்துடுறேங்க." ஃபோனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரரா?" என்றாள் தையல்காரம்மா. "அவருக்கும் மஞ்சத் தாள்தானா?"

தையல்காரம்மா வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "பேனாவைக் குடு தங்கச்சி. இப்ப நான் கேக்குறேன்."

"விளையாடாதீங்க அக்கா."

"அவருக்கு வேலை இருக்கா?"

"லாரி ஓட்டினாரு. ஏழு மாசமா இல்ல."

"குடி?"

"அதுக்கப்புறம்தான்."

"சின்ன வயசுல அவங்கப்பா அவங்கம்மாவை அடிச்சதைப் பாத்திருக்காரா?"

"தினமும்."

அறுபது வீடுகளில் இதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தவள், ஒரு தடவையாவது தன் வீட்டு வாசலில் நின்று கேட்டதில்லை. மடச்சி என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் பயந்து கிடப்பவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

"கழுத்தை நெரிச்சது உண்டா?"

கேள்விக்காரி சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள். "முந்தாநாள். இன்னைக்கு லேட்டானா முடிச்சிடுவேன்னு சொல்லியிருக்காரு." கடிகாரம் நாலே முக்காலைத் தாண்டியிருந்தது. "பஸ் போயிடும், நான் கிளம்புறேன் அக்கா."

தையல்காரம்மா அந்தக் கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "ஆம் எனில், இவரை வீட்டுக்குத் தனியே அனுப்பக் கூடாது. உடனே உதவி எண்ணை அழைக்கவும்." பிறகு நிமிர்ந்தாள். "நீ கொண்டுவந்த தாள்தானே இது?"

எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.

ஃபோன் மறுபடியும் அடித்தது. கேள்விக்காரி எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. எல்லோருக்கும் கொடுக்கும், உதவி எண் அச்சிட்ட துண்டுச் சீட்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். மனப்பாடமான எண்தான், ஆனாலும் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

"சொல்லும்மா, யாருக்கு உதவி வேணும்?" என்றது ஒரு பெண் குரல்.

"இங்க ஒரு அக்காவுக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தையல்காரம்மா அவள் தோளில் கை வைத்தாள்.

"இல்லீங்க. எனக்குத்தான்."