விரத நாளில் விட்ட மாத்திரை

எனக்கும் என் மனைவிக்கும் ரத்தக்கொதிப்பு. ஒரே கடையில் மாத்திரை வாங்குகிறோம், ஒரே உள்ளூர் டாக்டரிடம் காட்டுகிறோம். இருவருக்கும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் வலங்கைமானிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். சம்பா நடவு முடிந்து, வயலில் தலைபோகிற வேலை இல்லாத நேரம்.

முதலில் என்னைப் படுக்கவைத்தார்கள். ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை அழுத்தி, திரையைப் பார்த்தார். "உங்களுக்கு நல்லா இருக்குங்க" என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தேன்.

அவள் முறை வந்ததும் டாக்டரம்மா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்.

"இதயத்துல இடது பக்கம், மேல ஒரு அறை இருக்கும்மா. ரத்தத்தை வாங்கிக் கீழறைக்குத் தள்ளுறது அதோட வேலை. பிரஷர் ஏறி ஏறிக் கீழறை விறைச்சுப்போச்சு. அதுக்குள்ள தள்ளித் தள்ளியே மேலறை பெருத்திருக்கு, தள்ளுற பலமும் குறைஞ்சிருக்கு. இப்படியே விட்டா துடிப்பு தாறுமாறாகும். உள்ள ரத்தம் கட்டிப் பக்கவாதம்கூட வரலாம். மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"போடுறேங்க. விரத நாள்ல மட்டும் போடுறதில்ல."

செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி, பிரதோஷம். மாதத்தில் பாதி நாள் அவளுக்கு விரதம்தான்.

"சீட்டுல சாப்பிட்ட பிறகுன்னுதானே எழுதியிருக்கு? சாப்பிடாத நாள்ல எப்படிங்க போடுறது?" என்று அவளே திருப்பிக் கேட்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெறும் வயிற்றிலும் இந்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கலாம் என்றும், விடாமல் போட்டால் அந்த அறை ஓரளவு தேற வழி உண்டு என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தினமும் என் மாத்திரையை இட்லித் தட்டின் ஓரத்தில் எடுத்து வைப்பவளே அவள்தான். வெளியே வந்ததும், "யாரைக் காப்பாத்த இத்தனை விரதம்?" என்று சீறினேன்.

"உங்களுக்கு பிரஷர்னு சொன்ன நாள்லேர்ந்துதாங்க இருக்கேன்."

பஸ்ஸில் அவளைப் பார்க்கவே வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நின்றேன். ஈரத்தலையோடு விளக்கேற்றிக்கொண்டிருந்தவள், "தண்ணியைத் தவிர எதுவும் உள்ள போகக்கூடாதுங்க" என்றாள்.

"என் நெஞ்சு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல? இனிமே எதுக்கு விரதம்?"

"அது நல்லா இருக்கறதே இதனாலதானே. இப்பப் போயி விடச் சொல்றீங்களே" என்றாள், அமைதியாக. பெருத்துப்போன தன் இதயத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அவளோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பது எனக்குப் புரிந்தது.

அடுக்களைக்குப் போய், எனக்கு வைத்திருந்த இட்லியையும் அதன் ஓரத்தில் இருந்த மாத்திரையையும் தட்டோடு எடுத்துவந்து அவள் எதிரில் தரையில் வைத்தேன்.

"நீ போடுற வரைக்கும் நான் சாப்பிடப் போறதில்ல. சாப்பிடாம நானும் மாத்திரை போடப் போறதில்ல. இனி வெள்ளிக்கெழமை எனக்கும் விரதம். உனக்காக."

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மாத்திரைக்காக என் முன்னால் கையை நீட்டினாள்.