கேட் வாசலில் எல்லாரும் பிரிகேடியர்

போன புதன்கிழமை எங்கள் அண்ணன் ஊர் திரும்பினார். ராணுவத்தில் பிரிகேடியர். இந்த மாதக் கடைசியோடு ரிட்டயர்மென்ட்.

"பிரிகேடியர்னா எந்த அளவுக்குங்க?" — திருப்பூரில் என்னிடம் இதைக் கேட்காத ஆளில்லை. நானும் சளைக்காமல் விளக்குவேன். கேப்டன்னா சூப்பர்வைசர், மேஜர்னா புரொடக்‌ஷன் மேனேஜர், கர்னல்னா ஜி.எம்… இவர் அதுக்கும் மேலேங்க! எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எங்கள் சித்தி கடைசியில் ஒன்று கேட்பார். "அப்ப இன்னும் சம்பளத்துக்குத்தான் போறானா?"

என்னத்தைச் சொல்ல? பனிமலை, பாலைவனம் எல்லாம் பார்த்தவர். ஆயிரக்கணக்கான ஜவான்கள் அவர் சொல்லுக்கு நடந்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் நாலு தையல் மெஷின் போட்டவர் முதலாளி. மற்ற எல்லாரும் சம்பளக்காரர்கள்தான்.

எங்கள் தம்பிக்கும் அண்ணன் மேல் அதே குறைதான்… கொஞ்சம் காரம் ஜாஸ்தி. அனுப்பர்பாளையத்தில் அப்பா தன் பெயரிலேயே ஆரம்பித்த பனியன் கம்பெனி இருக்கிறது. மூத்தவன் பார்த்துக்கொள்வான் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். மூத்தவரோ பரீட்சை எழுதி, ஆபீசர் ட்ரெய்னிங்குக்குக் கிளம்பிவிட்டார். படிப்பைப் பாதியில் விட்டுக் கம்பெனிக்கு வந்தவன் தம்பி.

அப்பாவின் காரியத்துக்கு அண்ணன் வந்தபோது அது வெடித்தது. "உங்களுக்கென்னங்க, யூனிபார்ம் போட்டுட்டுப் போயிட்டீங்க. இங்க நின்னது நாந்தானுங்களே?" என்றான் தம்பி. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தூது.

இனி அண்ணன் இதே ஊரில் குடியிருக்கப் போகிறார். இப்படியே போனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு என் வயிறு என்னத்துக்கு ஆகும்? சும்மா சொன்னேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. முதல் நாளே முட்டிக்கொண்டால் அவ்வளவுதான் — இந்த ஜென்மத்துக்கு ஒட்டாது.

அதனால்தான் தம்பியே போன் செய்து, "அண்ணன நேரா கம்பெனிக்குக் கூட்டிட்டு வந்துருங்கக்கா, சின்னதா ஒரு வரவேற்பு" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கோவை ஏர்போர்ட்டில் அண்ணனை ஏற்றிக்கொண்டு நேராக அங்கேதான் போனேன்.

கார் தெருமுனை திரும்பியது. பார்த்தால்… கம்பெனி கேட் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகப் பட்டாளம்!

ராணுவ உடை டிசைனை நெட்டில் எடுத்து, அச்சு அசலாகப் பிரிண்ட் போட்டு, டி-ஷர்ட் தைத்து அத்தனை பேருக்கும் மாட்டிவிட்டிருந்தான் தம்பி. தோள்பட்டையில் பிரிகேடியர் ராங்க் வேறு! டெய்லர் பிரிகேடியர், செக்கிங் பெண்கள் பிரிகேடியர், வாட்ச்மேனும் பிரிகேடியர். பிரியத்தைக் காட்ட வேண்டுமென்றால் திருப்பூர்க்காரன் வேறென்ன செய்வான்? டி-ஷர்ட்தான் அடிப்பான்.

"அம்முணி, வண்டிய நிறுத்தச் சொல்லு." அண்ணன் முகம் இறுகிவிட்டது.

"என்னாச்சுங்கண்ணா?"

"இந்த டிசைன வெளி ஆளுங்க போடக்கூடாது. தைக்கவே கூடாது. போன போஸ்டிங்ல கடை கடையாப் போயி இத விக்காதீங்கன்னு சொன்னவன் நான். இன்னும் சர்வீஸ்லதான் இருக்கறேன்… எங்க ஊட்டுலயே அடிச்சு வெச்சிருக்கறான்!" கேட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "இதைப் போட்டுட்டுப் போன எம் பசங்க சில பேரு திரும்பி வரல அம்முணி."

அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அதோ தம்பி நிற்கிறானே! கையில் மாலை. அவனும் ஒன்றை மாட்டிக்கொண்டு, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு அட்டென்ஷனில் நிற்கிறான். யூனிபார்மைக் குத்திக்காட்டியவனுக்கு உள்ளுக்குள் இவ்வளவு பெருமையா? நான் கும்பிடாத சாமியில்லை.

அண்ணன் இறங்கி நடந்தார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "போனெல்லாம் உள்ள வெச்சிருங்க கண்ணுகளா" என்றார். தம்பி முன்னால் போய் நின்றார்.

"ஏண்டா… முப்பது வருஷத்துக்கு மேல ஓடி எனக்குக் கெடச்சத வாட்ச்மேனுக்கு ஒரே நாள்ல குடுத்துட்டியே!"

யாரோ சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அண்ணன் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகம் செத்துவிட்டது. "தெரியாதுங்கண்ணா… உங்களுக்குப் புடிக்கும்னுதான்…" மாலை பிடித்த கை தானாக இறங்கியது.

அண்ணன் அவனையே பார்த்தார். "எனக்கொண்ணு வெச்சிருக்கறியா?"

"எக்ஸெல் எடுத்து வெச்சிருக்கறனுங்க."

வாங்கினார். துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். எத்தனை வருஷம் எல்லையில் இருந்தால் என்ன, திருப்பூர் விரல் சும்மா இருக்குமா? பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பினார். "தையல் சுத்தமா இருக்குதுடா" என்றபடி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

"எல்லாரும் இப்படியே திருப்பிப் போட்டுக்குங்க!" வடக்கத்திப் பையன்களுக்கு அதையே இந்தியில் ஒரு சத்தம். அந்தக் கம்பெனியில் எந்த மேனேஜர் சொல்லும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை. பெண்கள் உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கேட் வாசல் முழுக்க வெள்ளை.

திருப்பிப் போட்டால் பிரிண்ட் உள்ளே போய்விடும். லேபிள்? அது வெளியே வந்துவிடும் இல்லையா? மாலை போடக் கிட்டே வந்த தம்பி, அண்ணனின் பிடரிக்குக் கீழே அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணா… அப்பா பேரு வெளிய தெரியுதுங்க."

"தெரியட்டும்டா."

அவ்வளவுதான். தம்பி அத்தனை தொழிலாளிகள் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதான். அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன். அப்பாடா! எத்தனை வருஷத்துப் பாரம்!

மறுநாளே அந்த டி-ஷர்ட்டுகள் எல்லாம் துண்டு துண்டாகி வேஸ்ட் மூட்டைக்குப் போய்விட்டன. வெட்டும்போது அண்ணனும் பக்கத்தில் நின்று பார்த்தார். சித்தியும் பார்க்க வந்திருந்தார். விடுவாரா?

"சம்பளத்துக்குப் போனது போதும் சாமி. இனியாச்சும் சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கலாமில்ல?"

"இல்லீங்க சித்தி, இனியும் சம்பளத்துக்குத்தானுங்க. தம்பிகிட்ட வேல கேட்டிருக்கறேன்" என்றார் அண்ணன்.

தம்பி கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னான். "மொதல்ல ட்ரெய்னிங்குங்க. அப்புறம் பாக்கலாம்."

பிரிகேடியருக்கு மேலே என்ன ராங்க் என்று இனி யாராவது கேட்கட்டும்… சட்டென்று சொல்லிவிடுவேன் — தம்பி!