பனி மூடினால் பேசாத போன்

"…இப்ப மட்டும் நல்லா அடிக்குதுலா, தம்பி," என்றார் மேரி அக்கா, ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த போனைப் பார்த்தபடி.

எழுபதுகளில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பார்த்துப் பார்த்தே கம்பி வேலை பழகியவன் நான். தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த மேட்டு லயத்து ஆஸ்பத்திரியில் அக்கா ஆயா. அங்கிருந்து ஃபேக்டரிக்கு ஒரே போன் கம்பி. நோயாளியை டவுனுக்குக் கொண்டுபோகும் லோரி ஃபேக்டரியில்தான் நிற்கும். அந்த போன் திடீரென்று செத்துப்போகும். நான் ஏறிப்போனால் நன்றாகப் பேசும். "உன்னைக் கண்டா அதுக்கு வெக்கம்டா," என்பார் ஃபேக்டரியில் கணக்கு எழுதும் கிராணி. லயத்தில் அதற்குப் பேர் சாமியாடி; அருள் வந்தால்தான் பேசுமாம். பேட்டரி மாற்றினேன், பெட்டியையே மாற்றினேன். பனியில் கம்பம் வழுக்கும் என்று, எப்போதும் வெயில் வந்த பிறகே போனேன்.

முந்தின வாரம், பனி மூடிய காலையில் அக்காவின் கணவருக்கு நெஞ்சு வலி. அக்கா போன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். கீழே போன் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. ஆள் ஓடி வந்து சொல்லி லோரி மேலே போனபோது, அவர் இல்லை.

அடக்கம் முடிந்தபின் பனியிலேயே கம்பம் ஏறினேன். ஓர் இணைப்பில் டேப்புக்குள் ஈரம் புகுந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. வெயிலில் காய்ந்தால் தானே சரியாகிவிடும் கோளாறு. நான் பார்த்ததெல்லாம் அதன் நல்ல நேரத்தை மட்டும்தான். அறுத்து, புதிதாக முறுக்கிக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கீழேயிருந்து கிராணி அடித்துப் பார்த்தார். அப்போதுதான் அக்கா அப்படிச் சொன்னார்.

அக்கா கைப்பிடியைச் சுற்றினார்.

"ஐயா, லோரி அனுப்புங்க. அவருக்கு நெஞ்சு வலிக்குது."

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், பனிக்குள் லோரி வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.