பாதை இன்னும் போகிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை, கனவும் இல்லை. அன்று என்னுடன் வந்த டாக்ஸிக்காரர் இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஒளி எங்கே வளையும், எங்கே திரும்பும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் ஜியோகேச்சிங் விளையாடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. “தொலைக்காததைத் தேடுற கும்பல்” என்று என் அக்கா கிண்டல் செய்வாள். அந்தக் கும்பலுக்குத் தலையே அவளுடைய கணவர்தான்.

அத்தான் லிப்ட் மெக்கானிக். ஒரு நட்டை முறுக்கிவிட்டு மறுபடி முறுக்கிப் பார்க்கிற ஆள். ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரியை ஒட்டிய மரத்தோப்பில் ஒரு பெட்டி வைத்தார். அது இரவில் மட்டுமே தேடக்கூடிய பெட்டி. அது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த அனுபவமே அதில்தான் இருக்கிறது.

குண்டூசி மாதிரி ஒரு பின். அதன் தலையில் ஒளியைத் திருப்பும் பொருள் பூசியிருக்கும். சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்புச் சில்லு இருக்கிறதே, அதே சங்கதி. முகம் பார்க்கும் கண்ணாடி, ஒளி சாய்வாக வந்தால் வேறு பக்கம் தள்ளிவிடும். இந்தப் பின் அப்படியில்லை. ஒளி எந்த வழியில் வந்ததோ அதே வழியில் திருப்பி அனுப்பும். ஆகவே டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தவனுக்குத்தான் அது நட்சத்திரம் மாதிரி எரியும். நாலடி தள்ளி நிற்பவனுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. வெறும் இருட்டு.

மரத்துக்கு மரம் அப்படி ஒரு பின். ஒற்றைப் பின் இருந்தால் நேராகப் போ. இரண்டு இருந்தால் திரும்பு. மூன்று முக்கோணமாக இருந்தால் பெட்டி அங்கேதான். பகலில் அந்தப் பின்கள் மரப்பட்டையோடு பட்டையாக மறைந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தூரத்தில் மினுங்குவது பின்தானா, வேறு யாராவது விளக்கோடு நிற்கிறார்களா என்று சந்தேகம் வந்தால், கையிலிருக்கும் டார்ச்சை ஒரு நொடி அணைத்துப் பார்ப்போம். மினுக்கம் செத்தால் பின். சாகவில்லை என்றால் விளக்கு. இரவுப் பெட்டி தேடும் எல்லோரும் செய்வது இது.

பெட்டி வைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். யாரோ ஒருவர் இணையப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: “பெட்டி கிடைத்தது. ஆனால் முக்கோணத்தைத் தாண்டியும் பாதை இன்னும் போகிறது. அடுத்த பெட்டி உண்டா?”

அத்தான் முக்கோணத்தைத் தாண்டி ஒரு பின்கூடக் குத்தவில்லை. தாண்டினால் குவாரிப் பள்ளம். இப்படிக் குறிப்பு வந்தால் பெட்டி வைத்தவர் போய்ப் பார்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அன்று மாலையே போனார்.

மறுநாள் காலையில் பள்ளத்தின் அடியில், தேங்கிய தண்ணீரின் ஓரத்துப் பாறையில் அவரைக் கண்டெடுத்தார்கள். டார்ச் கையிலேயே இருந்தது. உடையவில்லை. பேட்டரியும் தீரவில்லை. ஆனால் அணைத்திருந்தது.

அந்த ஒன்றுதான் அக்காவை உயிரோடு கொன்றது. கால் தவறி விழுகிறவன் டார்ச்சை அணைத்துவிட்டா விழுவான்? குதித்துவிட்டார் என்று போலீஸ் ஜாடையாகச் சொன்னது. அத்தானுடைய அம்மா ஜாடையெல்லாம் பார்க்கவில்லை, வீட்டில் நிம்மதி இருந்திருந்தால் அவன் ஏன் போகிறான் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவர் தோப்புக்குப் போன அன்று காலையில் அக்காவும் அத்தானும் வாஷிங் மெஷினுக்காகச் சண்டை போட்டிருந்தார்கள். ஒழுகுகிறது, ஊரார் லிப்டையெல்லாம் சரிசெய்கிற ஆளுக்கு இதைப் பார்க்க நேரமில்லையா என்று கேட்டிருக்கிறாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. அந்த மெஷினை அவள் பிறகு தொடவே இல்லை. துணியெல்லாம் கையால்தான் துவைத்தாள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

“அந்தப் பெட்டியைக் கொண்டாடா. எனக்குன்னு உள்ள ஏதாவது வச்சிட்டுப் போயிருக்காரான்னு பாக்கணும்.”

“அத்தான் அப்படி ஆள் இல்லக்கா.”

“அப்ப இல்லைன்னாவது தெரியட்டும்.”

எப்படியும் யாராவது போய்ப் பெட்டியையும் பின்களையும் எடுத்தாக வேண்டும். வெளியூர்க்காரர் யாராவது தேடி வந்து விழுந்து வைத்தால்? பின்கள் இருட்டில்தான் தெரியும் என்பதால் நானும் இருட்டிய பிறகே போனேன். டாக்ஸி அண்ணன் வண்டி எடுத்தார். அவரும் எங்கள் கும்பல்தான், ஆனால் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தோப்புக்கு வெளியே, இரும்பு கேட் அருகில் வண்டியை நிறுத்தினார்.

“பயமா இருந்தா பாட்டுப் பாடு,” என்றார்.

“உங்களுக்குப் பயமா இருந்தா?”

“வண்டியை எடுத்துடுவேன்.”

அப்போது மணி 7.10.

உள்ளே நடந்தேன். காற்று இல்லை. சருகு மட்டும் காலடியில் நொறுங்கியது. முதல் பின் சுலபமாகக் கிடைத்தது. டார்ச்சைக் கன்னத்தருகே பிடித்துச் சுற்றினேன், பளிச்சென்று கண் சிமிட்டியது. குறடால் பிடுங்கி, சட்டைப் பையிலிருந்த தகர டப்பாவில் போட்டேன். டிக். அடுத்தது. டிக். அத்தான் ஒவ்வொன்றையும் சரியாகக் கண் உயரத்தில், நேர்க்கோட்டில் குத்தியிருந்தார். பிடுங்கும்போது மனசு ஒரு மாதிரி இருந்தது. ஒரு மனிதர் போட்ட தையலை நானே பிரிக்கிற மாதிரி.

பாதி தூரத்தில் ஒன்று கவனித்தேன். சருகுச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். கீழே சருகும் இருந்தது. மிதித்தேன். சத்தம் வரவில்லை. ஈரமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். குனிந்து ஒரு சருகை எடுத்தேன். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

7.52க்கு முக்கோணம் வந்தது. மரத்தடியில் கற்களுக்கு இடையே பெட்டி. ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டப்பாதான். அதைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று பின்களையும் பிடுங்கினேன். டிக், டிக், டிக். வேலை முடிந்தது.

அப்போதுதான் தலை லேசாகக் கனத்தது. இறுக்கமான தொப்பி போட்டது போல. டார்ச்சை உயர்த்தினேன்.

எதிரே ஒரு பின் எரிந்தது.

அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று... நேர்க்கோட்டில். கண் உயரத்தில்.

பாதை இன்னும் போனது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எவனோ விளையாட்டுக்குக் குத்தியிருக்கிறான், அதை நம்பித்தான் அத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பிடுங்கிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தேன். ஆனால் ஏதோ உறுத்தியது. அந்த வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. என் டார்ச் வெள்ளை.

பின்தானா? விளக்கா?

பழக்கதோஷம். யோசிக்காமல் டார்ச்சை அணைத்தேன்.

அவை அணையவில்லை.

அப்படியென்றால் விளக்கு, யாரோ நிற்கிறார்கள். “யாருங்க?” என்றேன். பதில் இல்லை. இரண்டு எட்டு நடந்தேன். இருட்டில், டார்ச் இல்லாமல். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனால் டார்ச் தேவைப்படவில்லை. இதம்கூட இருந்தது. மூன்றாவது எட்டில் தலையைச் சாய்த்தேன். எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து மங்கி மினுங்கின.

நின்றேன்.

விளக்கு அப்படி மினுங்காது. நான் தலையை ஆட்டினால் விளக்குக்கு என்ன? தலையோடு சேர்ந்து மாறுவது பின்தான். ஒளியைத் திருப்பும் பின்.

பின் தானாக எரியாது. வந்த ஒளியை வந்த இடத்துக்கே அனுப்பும். என் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அந்த ஒளி புறப்படுகிற இடம்...

என் கண்ணுக்குப் பக்கத்தில்.

கையில் டார்ச் அணைந்திருந்தது. போன் பைக்குள் இருந்தது.

மெதுவாக இடது கையைத் தூக்கினேன். உள்ளங்கையை நெற்றிக்கு முன்னால் கொண்டுவந்தேன்.

எல்லாம் அணைந்தன.

கையை எடுத்தேன்.

எரிந்தன.

மறுபடி மறைத்தேன். அணைந்தன. உள்ளங்கையில் வெளிச்சம் ஏதும் படவில்லை. சூடு மட்டும் பட்டது. வெகுநேரம் எரிந்த பல்பின் சூடு.

நெற்றியை விரலால் தொட்டேன். வெறும் தோல். ஒன்றுமில்லை...

ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது? உட்கார்ந்துவிட்டேன். தரையைத் தடவி ஒரு கல்லை எடுத்து, முதல் பின் எரிந்த இடத்தைப் பார்த்து மெல்ல எறிந்தேன்.

மரத்தில் படவில்லை.

தரையில் விழவில்லை.

வெகு கீழே... ப்ளக்.

தண்ணீர்.

கண்களை இறுக மூடிக்கொண்டேன். மூடியபடியே போனை எடுத்துத் தடவி, டாக்ஸி அண்ணனை அழைத்தேன். “வாங்க” என்று மட்டும் சொல்ல முடிந்தது. 8.05 என்று போனில் பதிவாகியிருக்கிறது.

அவர் நொண்டி நொண்டி வருவது கேட்டது. சருகு நொறுங்கியது. இப்போது சத்தம் வந்தது. அவர் குரல் எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

“டேய், முதல்ல அந்த நெத்தி விளக்கை அணை. கண்ணு கூசுது.”



அருகே வந்தார். அவர் டார்ச் என் முகத்தில் விழுந்தது. நான் கண்ணைத் திறந்தேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், சுற்றிலும் தரையைப் பார்த்தார். பிறகு என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். என் செருப்பின் முனைக்கு ஒரு சாண் தள்ளி, தரை முடிந்திருந்தது. அந்தப் பக்கம் மரமே இல்லை. எதிர்க்கரைவரை வெறும் ஆகாயம்.

 வழி முழுக்க அவர் வண்டியின் உள்விளக்கைப் போட்டபடியே ஓட்டினார்.

அக்கா தூங்காமல் இருந்தாள். சமையலறை மேஜையில் பெட்டியை வைத்தேன். அவளே திறந்தாள். ஒரு பென்சில், கையெழுத்துத் தாள், பிளாஸ்டிக் டைனோசர், இரண்டு கோலிக்குண்டு. அவளுக்கென்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள்.

நான் டார்ச்சைப் பற்றிச் சொன்னேன். அணைத்துப் பார்க்கிற பழக்கத்தைச் சொன்னேன். நானும் அணைத்ததை, அணைத்த பிறகும் பாதை தெரிந்ததை, நானும் நடந்ததைச் சொன்னேன். நெற்றியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

“அப்ப அவர் குதிக்கல,” என்றாள்.

“இல்லக்கா.”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தான் போனபிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

“நெத்தியில என்னடா கோடு?”

குழாய்க்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தேன். புருவத்துக்கு மேலே, இரண்டு விரல் அகலத்தில், சிவப்பாக ஒரு தடம். காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றிப் போனது. எலாஸ்டிக் பட்டையை மணிக்கணக்கில் இறுக்கிக் கட்டியிருந்தால் விழுமே, அந்த மாதிரி.

“விளக்கு கட்டிக்கிட்டுப் போனியா?”

இல்லை என்று தலையாட்டினேன். என்னிடம் நெற்றி விளக்கு கிடையாது. அத்தானிடமும் கிடையாது. பட்டை கட்டினால் அவருக்குத் தலைவலி வரும், ஹெல்மெட் போடவே முனகுகிறவர்.

அக்காவுக்கும் அது தெரியும். ஆஸ்பத்திரியில் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, இவர்தானா என்று கேட்டபோதே அவர் நெற்றியிலும் இதே தடத்தைப் பார்த்திருக்கிறாள். இவருக்கு ஏது நெற்றி விளக்கு என்று போலீஸிடம் கேட்டும் இருக்கிறாள். அவர்கள் பள்ளத்தில் இறங்கித் தேடினார்களாம். கிடைக்கவில்லையாம். விழுந்ததில் பட்ட அடி என்று எழுதிவிட்டார்கள்.

அவள் எழுந்து எனக்குப் பின்னால் வந்தாள். முடியை விலக்கி, பின்மண்டையில் பட்டையின் கொக்கி அழுத்தும் இடத்தை விரலால் தேடினாள். அங்கே சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. அவள் விரல் பட்டதும் எரிந்தது.

“அவருக்கும் இங்கதான் இருந்துச்சு,” என்றாள்.